பஞ்சத்துக்குப் போட்ட சங்கிலி

முன்னொரு காலத்தில், ஒரு துண்டு மேகம் வந்தாலும் ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிற ஒரு வறண்ட சீமை இருந்தது. அதை ஆண்டவர் சேதிராயர். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டால் அரண்மனையில் யாருக்கும் நிம்மதி கிடையாது. ஒரு தடவை, காகங்கள் தம் உத்தரவு இல்லாமல் கத்துகின்றன என்று கோபித்துக்கொண்டு, சேவகர்களை ஒரு மாதம் மரம் மரமாக ஏற வைத்தார். காகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேவகர்களில் இரண்டு பேருக்குக் கால் பிசகியது.

அந்த அவையில் விகடம் பேசிப் பிழைத்தவன் பூவலிங்கம். ஒல்லி உடம்பு, நீண்ட நாக்கு. மன்னருக்கு அவன்மேல் பிரியம் அதிகம் என்பதால் பிரதான மந்திரி குணபூஷணருக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். குணத்தைப் பெயரில் வைத்துவிட்டதால் மனத்தில் வைக்க மறந்துவிட்டவர் அந்த மந்திரி.

ஒருநாள் காலை மன்னர் கலங்கிய முகத்தோடு அவைக்கு வந்தார்.

"விடியற்காலையில் நாம் ஒரு கனவு கண்டோம். பஞ்சம் என்கிறவன் கேளாமலே வந்து நம் சிம்மாசனத்தில் அமர்ந்து, நம் தட்டிலிருந்தே சோறு உண்டான். இனி அவன் நம் நாட்டுக்குள் காலெடுத்து வைத்தால், அவனைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி நம் கண்ணில் காட்ட வேண்டும். இதைச் செய்ய வல்லவர் யார்?"

சேனாபதி மீசையைத் தடவினார். "எதிரி என்றால் பிடிப்பேன், மன்னா. இவனுக்குத் தலை எது, கால் எது என்று தெரியவில்லையே."

குணபூஷணர் எழுந்தார். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"மன்னர் பெருமானே, பூவலிங்கம் பிறந்த கள்ளிமேடு பஞ்சம் வந்து போகிற பாதையிலேயே இருக்கிறது. அவனைவிடப் பஞ்சத்தை அறிந்தவர் இந்த அவையில் இல்லை. பிடித்துக் காட்டினால் பரிசு தருவோம். தவறினால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு வெளியே விட்டுவிடுவோம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

  கழுதைக்குப் பூவலிங்கம் பயப்படவில்லை. மந்திரியோடு தினமும் பழகுகிறவனுக்குக் கழுதை ஒரு பொருட்டா? பஞ்சம் என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்கு அக்காள் மாரிக்கண்ணுவின் முகம் வந்துவிட்டது. தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்த பஞ்சத்தில் கள்ளிமேட்டில் பாதி ஊர் கிழக்கே நடந்து போனபோது அவளும் போனாள். அந்த நாளில் அவன் இதே அவையில் நின்று தொந்தியுள்ளவர்களைக் கிண்டல் செய்து மன்னரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவள் போனது ஒரு மாதம் கழித்துத்தான் அவனுக்குத் தெரியும். அந்த வெட்கம் அவனை விட்டுப் போகவே இல்லை. மழை பெய்ததும் போனவர்களில் பலர் திரும்பினார்கள்; அவள் வரவில்லை.

மன்னர் கனவை நம்பிச் சொன்னதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். பிடிக்கச் சொன்னால் பிடித்துவிட வேண்டியதுதான்.

"பிடித்துத் தருகிறேன், மன்னா. கள்ளனைப் பிடிக்கக் காவல் வேண்டும். அரண்மனைச் சேவகர்களுக்குப் பஞ்சத்தின் முகம் தெரியாது. முகம் தெரிந்தவர்கள் கள்ளிமேட்டில் நூற்றுப் பன்னிரண்டு வீட்டார் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் காவல்காரர்களாக நியமித்து முத்திரை ஓலை தர வேண்டும்."

"தந்தோம். அவர்களுக்கு என்ன ஆயுதம் வேண்டும்?"

"மண்வெட்டியும் கூடையும் அவர்களிடமே இருக்கின்றன. பட்டத்து யானையைக் கட்டுகிற சங்கிலி மட்டும் வேண்டும். இன்னொன்று. காவலில் நிற்பவனை வேறு வேலைக்கு இழுத்தால் கள்ளன் நுழைந்துவிடுவான். ஆகவே அரண்மனையின் கூலியில்லாத வேலைக்கு அந்த ஊராரை யாரும் அழைக்கக்கூடாது."

மண்வெட்டியால் பஞ்சத்தைப் பிடிப்பானாம் என்று மந்திரி வாய்க்குள் சிரித்துக்கொண்டார். ஓலையில் முத்திரை விழுந்தது.

சங்கிலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பூவலிங்கம் கள்ளிமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊர் கூடிவிட்டது. முன்னால் நின்றவள் ஒச்சம்மா. முறைக்கு அவனுக்கு மதினி. ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் காது கேளாதவர்கள் மட்டுமே.

"என்ன கொழுந்தனாரே, ஆளே இல்லாம வெறுஞ்சங்கிலியோட வந்திருக்கீக? யாரைக் கட்ட?"

"பஞ்சத்தைக் கட்டணும் மதினி. நீங்கதான் காவல், உங்க மம்பட்டிதான் ஆயுதம். ராசா ஓலை கொடுத்திருக்காரு."

"ராசாவுக்குக் கிறுக்குப் புடிச்சா மம்பட்டி எங்க கையிலயா?"

"இனிமே அரமணை வேலைக்கு உங்களை ஒருத்தரும் இழுக்க முடியாது. அதுவும் ஓலையில இருக்கு."

கூட்டம் ஓலையைப் பார்க்க நெருங்கி வந்தது. வருஷத்தில் மூன்று மாதம் அரண்மனைக்கு மதில் கட்டியும் வண்டி இழுத்துமே அவர்கள் முதுகு ஒடிந்துகொண்டிருந்தது. ஊர் ஏரியாகிய கண்மாயைத் தூர் வார வேண்டும் என்பது கள்ளிமேட்டில் எல்லாருக்கும் தெரியும். வாருவதற்குத்தான் ஆளும் நாளும் இல்லாமல் இருந்தது.

மறுநாளே கூடையும் மண்வெட்டியும் கண்மாய்க்குள் இறங்கின. பூவலிங்கமும் மண் சுமந்தான். மூன்றாவது கூடையில் கை கொப்பளித்தது. "நாக்கு மாதிரி கையும் நீளமா இருந்திருந்தா நல்லாருக்கும்" என்று ஒச்சம்மா சொன்னதற்கு ஊரே சிரித்தது. அவையில் மற்றவர்களைச் சிரிக்க வைத்தவனுக்கு இங்கே தன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தது ஏனோ பிடித்திருந்தது.

அந்தக் கண்மாய்க்குள் ஒரு கல்யானை உண்டு. முதுகு மட்டும்தான் வெளியே தெரியும். துணி துவைக்க வசதியான கல் என்றே மூன்று தலைமுறை நினைத்திருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை நமக்குத் தெரியும். கள்ளிமேட்டில் வண்டல் வெட்ட வெட்ட யானை புறப்பட்டது. வயிறு வந்தது, முழங்கால் வந்தது, கடைசியில் பாதம் வந்தது. ஆள் உயர யானை. அதன் உடம்பு புதைகிற அளவுக்கு வண்டல் மண்டியிருந்தது என்றால், அந்த அளவுக்குத் தண்ணீர் கண்மாயில் தங்க இடமில்லாமல் போயிருந்தது என்று பொருள்.

மடை திறந்து மூடுகிற நீர்பாய்ச்சி இருளப்பன் யானையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதைச் சும்மா வைக்கல. தண்ணி எம்புட்டு இருக்குன்னு நமக்குச் சொல்றதுக்கு வச்சிருக்காக."

அன்று ஊர் ஒரு சட்டம் போட்டது. யானையின் முதுகு தெரிந்தால் யாரும் நெல் நாற்றுப் பாவக்கூடாது, குதிரைவாலியும் வரகும்தான். வயிறு தெரிந்தால் வயலுக்கு மடை திறக்கக்கூடாது. பாதி மாடுகளை, முறைவைத்து ஆள் அனுப்பி, மலையடிவாரத்துக்கு ஓட்டிவிட வேண்டும். முழங்கால் தெரிந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை. மழை பொய்த்த பிறகு கூடி அழுவதைவிட, தண்ணீர் இருக்கும்போதே கூடிப் பேசிவிடுவது நல்லது என்று இருளப்பன் சொன்னான். அதை மறுக்க ஆள் இல்லை.

விதை விஷயத்தில்தான் தகராறு வந்தது. "வவுறு காஞ்சா வெதையைத் திங்காதவன் யாரு?" என்று ஒருவன் கேட்டான். பசி வந்தால் முதலில் விதைப்பானைதான் திறக்கும். பிறகு மழையே வந்தாலும் விதைக்க ஒன்றும் இருக்காது. பஞ்சம் ஒரு வருஷத்தோடு போகாமல் மூன்று வருஷம் உட்கார்ந்துகொள்வது இதனால்தான்.

ஒச்சம்மா எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு பானையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தாள். வாய் கட்டிச் சாணி பூசிய பானை.

"கொழுந்தனாரே, இது உங்க அக்கா வெதை. அவளுக்கும் எனக்கும் ஒரு கோழிச் சண்டையில ஏழு வருசம் பேச்சில்ல. ஊரை விட்டுப் போற அன்னைக்கு வாசல்ல இதைக் கொண்டாந்து வச்சா. 'உனக்கு என்னைக் கண்டா ஆகாது. அதனால இதைத் திங்க மாட்ட'ன்னு சொல்லிட்டுப் போனா. வருசா வருசம் வெதச்சு அறுத்துப் புது வெதையா வச்சிருக்கேன். ஆகுறவ வீட்டுல குடுத்திருந்தா, அவளோடதுதானேன்னு ஒருநாள் பொங்கித் தின்னுருப்பாக. நான் எப்படித் தின்பேன்? வந்து ஒரு மணி கொறையுதுன்னு அவ சொல்லிட்டா என் மூஞ்சியை எங்க கொண்டுபோயி வைக்க?"

பூவலிங்கம் அந்தப் பானைமேல் கை வைத்தான். கண் நிறைந்துவிட்டது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

அன்றிலிருந்து கள்ளிமேட்டில் ஒரு வழக்கம் வந்தது. யாருக்கு யாரோடு ஆகாதோ, அவர் வீட்டில்தான் இவர் விதை இருக்க வேண்டும். யாருக்கு யாரோடு ஆகாது என்று சபையில் சொல்லச் சொன்னார்கள். பொழுது சாயும்வரை சொன்னார்கள். இருளப்பனுக்கும் அவன் பங்காளிக்கும் மட்டும் ஊரில் பகையே இல்லை. பாவம், அவர்கள் அன்றைக்கே வரப்பைப் பற்றி ஒரு சண்டை போட்டுக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்தார்கள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தூர் வாரிய கண்மாய் நிறைந்து, யானை முழுகி, மிச்ச நீர் போகிற கலுங்கும் வழிந்தது. அதற்கடுத்த ஐப்பசியில் வானம் பொய்த்தது. அதற்கடுத்ததிலும் பொய்த்தது. யானையின் முதுகு தெரிந்தது. ஊர் நெல்லை மறந்து குதிரைவாலி போட்டது. வயிறு தெரிந்ததும் மடையை மூடினார்கள்.

கள்ளிமேட்டார் எந்நேரமும் ஒரு யானையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒற்றன் வந்து சொன்னதும் குணபூஷணருக்குப் பொறி தட்டியது. அந்த யானையில்தான் மந்திரம் இருக்கிறது. மன்னர் பெயரைச் சொல்லி, ஆறு ஜோடி மாடு பூட்டி, யானையைப் பெயர்த்துக்கொண்டு வந்து அரண்மனைத் தடாகத்தில் நிறுத்திவிட்டார். தடாகத்தை நிரப்ப ஆற்று ஊற்றிலிருந்து நாற்பது பேர் தினமும் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு மன்னரை அழைத்துக் காட்டினார்.

"கள்ளிமேட்டார் பஞ்சத்தை அளப்பது இந்த யானையால்தான், மன்னா. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது, பாருங்கள். நாட்டில் பஞ்சமே இல்லை. மூன்று வருஷமாக ஓர் ஊரை அரண்மனை வேலைக்கு வராமல் தடுத்துவிட்டுப் பூவலிங்கம் தங்களை ஏமாற்றுகிறான்."

மன்னர் பூவலிங்கத்தை வரவழைத்தார். "பஞ்சம் வந்ததா, வரவில்லையா?"

"வந்தது, மன்னா."

"பிடித்தாயா?"

"பிடித்துச் சங்கிலியும் போட்டாயிற்று. இங்கே கொண்டுவரலாம் என்றால் சங்கிலியை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் ஓடிவிடுவான். தாங்கள் ஓரெட்டு வந்து பார்த்தால் போதும்."

மந்திரி கழுதையைக் கையோடு ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்.

சித்திரை வெயில். போகிற வழியில் ஓர் ஊர் குறுக்கிட்டது. மந்திரிக்கு மானியமாக விடப்பட்ட ஊர். வீட்டுக் கதவுகளெல்லாம் கயிற்றால் கட்டிக் கிடந்தன. ஒரு நாய் மட்டும் எழுந்து பார்த்துவிட்டுக் குரைக்கத் தெம்பில்லாமல் படுத்துக்கொண்டது.

"ஜனங்கள் எங்கே?" என்றார் மன்னர்.

"ஏதோ திருவிழாவுக்குப் போயிருப்பார்கள், பெருமானே."

"உழவு மாட்டையும் உரலையும் எடுத்துக்கொண்டா திருவிழாவுக்குப் போவார்கள்?" என்று பூவலிங்கம் கேட்டான். "கைதி கள்ளிமேட்டுக்கு வருமுன் போன வழி இது, மன்னா." மன்னர் அந்தக் கதவுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கள்ளிமேட்டுக் கண்மாய்க்கரையில் நூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் நின்றிருந்தார்கள். மெலிந்திருந்தார்கள், ஆனால் நிமிர்ந்து நின்றார்கள். கரையின் நடுவே மடை. மடைப்பலகையைச் சுற்றிப் பட்டத்து யானையின் சங்கிலி இறுகக் கட்டப்பட்டிருந்தது.

"எங்கே கைதி?"

"சங்கிலிக்கு அந்தப் பக்கம் பாருங்கள், மன்னா."

கரைக்கு வெளியே வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. பச்சை என்று சொல்ல ஒரு புல் இல்லை. கரைக்கு உள்ளே, பள்ளத்தில், தெளிந்த தண்ணீர் இன்னும் கிடந்தது. பெண்கள் முறைப்படி குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இரண்டு பருவமாக அங்கேதான் நிற்கிறான். ஊருக்குள் அவன் நுழைகிற வாசல் இந்த மடை. யாராவது ஒருவர் தம் வயல் மட்டும் பிழைத்தால் போதும் என்று இதைத் திறந்திருந்தால் அன்றைக்கே உள்ளே வந்திருப்பான். நூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் சேர்ந்துதான் இந்தச் சங்கிலியைப் பூட்டினார்கள். அத்தனை பேரும் வந்தால்தான் அவிழ்க்கலாம்."

குணபூஷணர் சிரித்தார். "மன்னா, இவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பட்டினி இல்லை. பட்டினி இல்லாத இடத்தில் பஞ்சம் ஏது? பஞ்சமே இல்லையென்றால் இவன் பிடித்தது எதை?"

"மந்திரியாரே, நேற்று உங்கள் வீட்டுக்குக் கள்ளன் வந்தான். காவல்காரன் சுவரேறும்போதே பிடித்துவிட்டான். பொருள் ஒன்றும் போகவில்லை. பொருள் போகாததால் கள்ளனே வரவில்லை என்று காவல்காரனைக் கழுதைமேல் ஏற்றுவீர்களா?"

மன்னரின் மீசை சிரிப்பில் துடித்தது. மந்திரி விடவில்லை. "யானை கழுத்தளவு தண்ணீரில் நிற்பதை மன்னரே பார்த்தார்."

அப்போது ஒச்சம்மா முன்னால் வந்து கும்பிட்டாள். "மகராசா, எங்க ஆனை குளிச்சுக்கிட்டே நிக்க எம்புட்டுப் பேரு தண்ணி சொமக்காக?"

குடை பிடித்து நின்ற சேவகன், தானும் அந்த நாற்பது பேரில் ஒருவன் என்பதால், கேட்காமலே சொல்லிவிட்டான்: "நாப்பது பேரு தாயி. தோள்பட்டை போச்சு."

மன்னர் மந்திரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒச்சம்மாவைக் கேட்டார்: "யானை போன பிறகு எப்படி அளந்தீர்கள்?"

"ஆனை போனா என்ன, அது நின்ன எடம் போயிருமா? அதோட முதுகு என் தோளு. வவுறு என் இடுப்பு. முழங்காலு என் முழங்காலு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நானே போயி நின்னேன்." சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கி அந்த இடத்தில் போய் நின்று காட்டினாள். தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது.

"என் மதினியைத் தூக்கிப் போக ஆறு ஜோடி மாடு போதாது, மன்னா" என்றான் பூவலிங்கம்.

சேதிராயர் சிரித்தார். குடை ஆடியது. ஊரும் சிரித்தது. சிரித்து ஓய்ந்தபின் ஊருக்குள் நடந்து ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். எல்லாக் கதவும் திறந்திருந்தன. ஒன்றே ஒன்று மூடியிருந்தது.

"அந்த வீட்டார்?"

விகடகவிக்கு விகடம் வரவில்லை. "அது என் அக்காள் வீடு, மன்னா. போன பஞ்சத்தில் போனவள். அப்போது இங்கே காவல் இல்லை."

மன்னர் அந்தக் கதவின் முன் போய் நின்றார். பிறகு அங்கேயே தீர்ப்புச் சொன்னார். கூலியில்லாத அரண்மனை வேலை நாடு முழுவதற்கும் நின்றது. எல்லா ஊரும் தன் கண்மாய்க்குத் தானே காவல். யானையைப் பெயர்த்தவரே அதைத் திரும்பக் கொண்டுவந்து நட்டு, ஊராரோடு மூன்று மாதம் மண் சுமக்க வேண்டும். "இந்த ஊர் வழக்கம் நமக்குப் பிடித்துவிட்டது" என்று முடித்தார். "இன்றுமுதல் பூவலிங்கத்தின் விதை மந்திரி வீட்டில் இருக்கட்டும், மந்திரியின் விதை பூவலிங்கத்தின் வீட்டில் இருக்கட்டும். இந்த நாட்டில் அதைவிடப் பத்திரமான இடம் வேறில்லை."

"உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது பூவலிங்கம் பொன்னும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. கிழக்குச் சீமை முழுவதும் தமுக்கு அடிக்கச் சொன்னான்: கள்ளிமேட்டை விட்டுப் போனவர்களே, உங்கள் கண்மாய் ஆழமாயிருக்கிறது, உங்கள் விதை பத்திரமாயிருக்கிறது.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. யானை மறுபடியும் முழுகிய வாரத்தில், நரைத்த தலையோடு ஒரு பெண் கிழக்கேயிருந்து நடந்து வந்தாள். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ஒச்சம்மா வாசலுக்குப் போய்ப் பானையைத் திறந்து, படியால் அளந்து பார்த்தாள்.

"ஏண்டி ஒச்சம்மா, நான் வச்சது நாலு படி. இதுல அஞ்சு படி இருக்கு. உன் வெதையை எதுக்குடி என் பானையில போட்ட?"

"பதினஞ்சு வருசம் பாத்துக்கிட்டதுக்கு இதுதான் கேள்வியா?" என்று ஒச்சம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். சண்டை மூன்று தெருவுக்குக் கேட்டது. ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து சந்தோஷமாக நின்று பார்த்தது.

பூவலிங்கம் அவைக்கு வந்து இதைச் சொன்னபோது சேதிராயர் கண்ணில் நீர் வரச் சிரித்து, தம் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அவன் அதைக் கொண்டுபோய்க் கல்யானையின் கழுத்தில் போட்டான். நல்ல மழைக்காலத்தில் அது தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும். அது கண்ணில் படாத வருஷமெல்லாம் கள்ளிமேட்டில் நல்ல வருஷம்.